நார்மலை ஒன்று என்று வைத்துக்கொண்டால்

1

மனித மூளை என்பது பிரபஞ்சம் தன்னைத்தானே அறிந்துகொள்ளும் அரண்மனை. அதை வீழ்த்த எந்தப் பகைவனாலும் இயலாது, அதன் சொந்தக் காவலர்களைத் தவிர.

இந்த வாக்கியம் என்னுடையதல்ல. ஓர் ஆய்வு நிலையத்தின் இயக்குநருடையது. நிலையத்தின் வெள்ளிவிழா மலருக்கு நான் எழுதித்தர வேண்டிய கதை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அவர் விரும்பினார். சொல்லி முடித்ததும் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். வாக்கியம் அறைக்குள் மெல்ல இறங்கி உட்கார நேரம் கொடுக்கிறார் என்று நானும் மரியாதையாகக் காத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்.

கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எந்த உந்துதலும் என்னை உலுக்கவில்லை. மலரில் விளம்பரங்களுக்கும் வாழ்த்துச் செய்திகளுக்கும் நடுவே சில பக்கங்கள் மிஞ்சின. விஞ்ஞானத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் கதை ஒன்று போட்டால் பக்கமும் நிரம்பும், பொதுமக்களும் நிரம்புவார்கள் என்று மலர்க்குழு கருதியது. என்னைப் பிடித்தார்கள்.

நிலையம் ஒரு நோயை ஆராய்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்கள் மூளைக்குள் புகுந்து நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் நோய். ஒருநாள் கண் மங்கும். அது தெளிந்த பிறகு கால் மரக்கும். அதுவும் தேறிவிட்டது என்று நிம்மதியாக உட்காரும்போது வேறெங்காவது தொடங்கும். கிருமி இல்லை, அடிபடவில்லை. அப்படியானால் ஏன் வருகிறது, அதுவும் சிலருக்கு மட்டும்? 'வேலியே பயிரை மேய்கிறது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இயக்குநர் தம் எல்லா உரைகளிலும் அப்படித்தான் சொல்கிறார். ஆகவே நான் சொல்லமாட்டேன். [சொல்லிவிட்டேன். இருக்கட்டும்.]

இந்தக் கதையில் கேள்வி ஒன்றுதான். அதை முந்தானைக்குள் ஒளித்துவைத்து ஆட்டம் காட்டும் எண்ணம் எனக்கில்லை. அண்ணனுக்கு வந்த அந்த நோய் தங்கைக்கும் வருமா?

2

முதல் தொடக்கம்: 'கோட்டைக் கதவுகள் அதிர்ந்தன. மூளை என்னும் மாமன்னன் அரியணையிலிருந்து எழுந்து—'

மன்னனுக்கு மீசை வைப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'நான் ஒரு வெள்ளையணு. என் வேலை காவல். என் சோகக் கதையைக் கேளுங்கள்.' பள்ளிக்கூடத்தில் 'நான் ஒரு குடை பேசுகிறேன்' என்று கட்டுரை எழுதியது ஞாபகம் வந்தது. குடையாவது மழைக்கு உதவியது.

மூன்றாம் தொடக்கம்: 'இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருப்பதைக் கண்டதும் அவளுடைய—'

இது பரவாயில்லை. ஆனால் எந்தக் கோடு, எவள் என்று சொல்லாமலே வாசகரை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஒரு வகை ஜேப்படி. எனவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

3

நிலையத்தில் அவளுக்குப் பெயர் நார்மல். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். "நார்மல் வந்தாச்சா?" "நார்மல் இன்னைக்கு லீவாம்." "நார்மலுக்குச் சளி பிடிச்சிருக்கு, டெஸ்ட் ஓட்டத்தை நாளைக்கு வச்சுக்கலாம்." இப்படித்தான் அங்கே பேசிக்கொள்வார்கள்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இயக்குநரின் உரையைத் தமிழில் சரிபார்க்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும் நலமான ஆளுக்கு ஆங்கிலத்தில் 'கண்ட்ரோல்' என்று பெயர்; அகராதி அதைக் 'கட்டுப்பாடு' என்கிறது. 'கட்டுப்பாட்டுப் பெண்ணின் ரத்தம்' என்று எழுதி அவளிடம் காட்டினேன். "ஏதோ ஹாஸ்டல் வார்டன் ரத்தம் மாதிரி இருக்கு சார்" என்றாள். 'நார்மல்' என்றே விட்டுவிட்டேன்.)

அவள் வேலை இது. நோயாளிகளின் ரத்தம் வந்ததும் அதைச் சுழற்றி, வெள்ளையணுக்களை மட்டும் பிரித்து எடுப்பாள். குழிகுழியான தட்டில் அவற்றைப் பிரித்து ஊற்றி, கட்டைவிரலால் குமிழை அழுத்தும் பிப்பெட் குழாயால் சொட்டுச் சொட்டாக ஒரு சீண்டு மருந்து விடுவாள். அணுக்கள் எவ்வளவு சீறுகின்றன என்று இயந்திரம் கோடு போட்டுக் காட்டும். சீறாத அணு கிருமியிடம் தோற்கும். அதிகம் சீறும் அணு வீட்டுக்காரனையே கடிக்கக்கூடும்.

ஆனால் இயந்திரத்துக்கும் மனநிலை உண்டு. நேற்று அதிகம் காட்டியதை இன்று குறைத்துக் காட்டும். மருந்துப் புட்டி புதிதானால் கோடு துள்ளும். எனவே நோயாளிகளின் ரத்தத்தோடு நலமான ஓர் ஆளின் ரத்தத்தையும் ஒவ்வொரு முறையும் சேர்த்து ஓட்டுவார்கள். அந்த ஆளின் சீற்றத்தை 'ஒன்று' என்று வைத்துக்கொண்டு மற்றவர்களை அதனால் வகுப்பார்கள். கடைக்காரர் எடைக்கல் வைத்து நிறுப்பது போலத்தான். பல பேரின் ரத்தத்தைக் கலந்து எடைக்கல் செய்வதுதான் முறை என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பாடப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "யார் ரத்தம் குடுக்கறீங்க?" என்று நிலையத்தில் கேட்டபோது ஒருவருக்கு ஊசி என்றால் ஆகாது. இன்னொருவருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ்பெட்டியில் ரத்தம் கொண்டுவருபவர் (அவர் பெயரும் ஐஸ்பெட்டிதான்), "நான் கொண்டுவர்ற ஆளு, குடுக்கற ஆளில்ல" என்று கொள்கை பேசினார். புதிதாக வந்தவள் சட்டைக்கையை மடித்துவிட்டாள். ஒரு நாளைக்கு என்று மடித்தது, வழக்கமாகி, பிறகு சட்டமாகிவிட்டது.

குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று அப்போது கேட்டார்கள். இல்லை என்றாள். அது உண்மை. அண்ணனுக்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. கேள்வி ஒருமுறைதான் கேட்கப்பட்டது. எடைக்கல்லைத் தினமும் தராசில் வைக்கிறோம். எடைக்கல்லை எடை போட்டுப் பார்க்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? அவளுக்கும் தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்று மனம் வேலை பார்த்ததா என்பதை நான் கேட்டேன். "தெரியல சார்" என்றாள். இந்தக் கதையில் வரும் பதில்களிலேயே யோக்கியமான பதில் அதுதான்.

இந்த எடைக்கல்லை வைத்துத்தான் இயக்குநர் தம் புகழ்பெற்ற முடிவுக்கு வந்தார். நோயாளிகள் எல்லாரையும் நார்மலால் வகுத்தால் விடை ஏறக்குறைய ஒன்றுதான் வந்தது. "நோயாளியின் அணுக்கள் நம் அணுக்களைவிடக் கோபக்காரர்கள் அல்லர்" என்று அவர் மேடையில் சொல்வார். நெஞ்சில் கை வைப்பார். "பிழை அணுவில் இல்லை. சூழலில் இருக்கிறது." எல்லாரும் கைதட்டுவார்கள். சூழல் என்றால் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள்; கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

4

அண்ணன் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. கதைகளில் நோயாளி என்றால் ஞானம் வந்தாக வேண்டும். நானும் எழுதிப் பார்த்தேன்: 'ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை. அவன் புன்னகைத்தான். "பறத்தல் என்பது—"'

நார்மல் படித்தாள். "அவன் பறவையைப் பாத்தா, நம்ம மேல எச்சம் போடுமான்னுதான் சார் பாப்பான்."

அடித்துவிட்டேன். உள்ளபடி எழுதுகிறேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது சிவப்புக் கம்பி அவனுக்குச் செங்கல் நிறமாகத் தெரிந்தது. பெட்டிதான் பழசு என்று நினைத்தான். மறுநாள் அம்மாவின் சிவப்புப் புடவையும் செங்கல் நிறமாக இருந்தது. அம்மாவும் பழசுதான் என்று விட்டுவிட்டான். கண் ஒன்று முக்கால்வாசி மங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். பிறகு இடது காலும் மக்கர் செய்தது, விரல்களும் மரத்தன. இப்போது கம்பெனி அவனை மேசையில் உட்காரவைத்து, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கச் சொல்லியிருக்கிறது. "உள்ள மாட்டிக்கிட்டீங்களா? பதறாதீங்க. நானும் ஒரு மாதிரி அப்படித்தான் இருக்கேன்" என்பான். புகார் எதுவும் வரவில்லை.

வீட்டில், நோய் யார் வழி வந்தது என்ற வழக்கு தீராமல் நடந்துகொண்டிருந்தது. வாதி அம்மா. பிரதிவாதி அத்தை, அதாவது செத்துப்போன அப்பாவின் அக்கா. அத்தை வந்த ஒரு மாலையில் நடந்ததை நார்மல் சொன்னபடியே தருகிறேன்.

"எங்க வழியில நரம்புக் கோளாறு யாருக்கும் கிடையாது" என்றாள் அத்தை.

"உங்க வழியில டாக்டர்கிட்ட போற வழக்கமே கிடையாது. எல்லாரும் சும்மா விழுந்து செத்தாங்க" என்றாள் அம்மா.

"விழுந்தவங்க பேரைச் சொல்லு பாப்போம்."

"உங்க பெரியப்பா."

"அது குடிச்சு விழுந்தது. அதுக்கும் நரம்புக்கும் என்னடி சம்பந்தம்?"

அண்ணன் காலை ஸ்டூலில் நீட்டியபடி, "ஆளுக்குப் பாதியா வச்சுக்கோங்களேன். சண்டை வேண்டாம்" என்றான்.

"நிஜமாவே பாதிப் பாதிதான்" என்று நார்மல் குறுக்கிட்டாள். "ஒரே மரபணுவால வர்றதில்லம்மா இது. நூத்துக்கணக்குல சின்னச் சின்ன மாத்தம். ஒண்ணொண்ணும் கடுகளவு. அப்பாகிட்டேர்ந்து கொஞ்சம், உன்கிட்டேர்ந்து கொஞ்சம். எல்லாம் ஒரே ஆள்கிட்ட சேர்ந்து, வெளியேர்ந்தும் ஏதோ ஒண்ணு இடிச்சா அப்பத்தான்."

"கடுகளவுன்னா அது எங்க வழி" என்றாள் அத்தை. "உங்கம்மா எதையும் பெருசாத்தான் செய்வா."

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. மகளைக் காட்டி, "இதோ இவளும் அதே வயித்துல பிறந்தவதானே. இவளுக்கு ஒண்ணுமில்லையே. அங்க இவ ரத்தத்தை வச்சுத்தான் எல்லாரையும் அளக்கறாங்களாம். நார்மல்னே பேராம்" என்றாள். தன் வழியின் நல்ல பேருக்கு அவளிடமிருந்த ஒரே சாட்சி அதுதான். தெருவில் காய்கறி விற்பவர் வரை அது தெரியும்.

5

நிலையத்துக்குப் புதிய திட்டம் ஒன்று வந்தது. நோயாளிகளின் மரபணுவில் அந்தக் கடுகளவு மாற்றங்கள் எவை எவை இருக்கின்றன என்று படிப்பது. பிறகு அதே ஆளின் அணுக்கள் எப்படிச் சீறுகின்றன என்று பார்த்து, இரண்டையும் பொருத்துவது. ஆட்கள் போதவில்லை. அவள் அண்ணனைக் கேட்டாள்.

"ஊசி குத்தினா மிட்டாய் உண்டா?"

"பிஸ்கட் உண்டு."

"சரி, வந்து தொலைக்கறேன்."

அன்று தட்டில் அவன் அணுக்கள் ஒரு வரிசையில், அவள் அணுக்கள் அடுத்த வரிசையில். சீண்டினாள். இயந்திரம் கோடு போட்டது. அவன் கோடு மேலே ஏறியது. அவள் கோடும் கூடவே ஏறியது. ஒரே கொடியில் காய்த்தவை போல இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. மற்ற நோயாளிகளின் கோடுகள் அவள் கோட்டுக்குப் பக்கத்தில் வரும்; இப்படி அச்சுப் பிசகாமல் எதுவும் படுத்ததில்லை.

அவளுக்கு முதலில் தோன்றியது அச்சமல்ல, எரிச்சல். குழாயை மாற்றி ஊற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். [வெளியிலிருப்பவர்களுக்கு இது புரியாது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் உலகம் தவறாக இருக்கலாம் என்று கடைசியில்தான் நம்புவார்கள். முதலில் கைதான் தவறு.] இன்னொரு நாள் அண்ணனை வரவழைத்து மறுபடி ஓட்டினாள். அதே கோடு.

"கொள்கையெல்லாம் அப்புறம், கையை நீட்டுங்க" என்று ஐஸ்பெட்டியைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். அவர் அணுக்கள் சீறிய சீற்றம் அவளுடையதில் பாதிதான். நிலையத்தைப் பெருக்குகிற அம்மாளைப் பிடித்தாள். வாசலில் நிற்கும் காவலாளியைப் பிடித்தாள். எல்லாரும் பாதி, பாதிக்குக் கொஞ்சம் மேல். அவளும் அண்ணனும் மட்டும் மொட்டை மாடியில்.

பிறகு தன் மரபணுவையும் படிக்கக் கொடுத்தாள். அண்ணனிடம் இருந்த கடுகுகளில் பெரும்பாலானவை அவளிடமும் இருந்தன.

கைப்பையைத் தூக்கும்போது வலது கட்டைவிரலின் நுனி மரத்திருப்பது அப்போதுதான் அவள் கவனத்துக்கு வந்தது. அதற்கு முன்பும் மரத்திருந்ததா? நாள் முழுக்க பிப்பெட்டின் குமிழை அழுத்துகிறவர்கள் எல்லாருக்கும் கட்டைவிரல் மரக்கும். அது அந்தத் தொழிலின் தழும்பு. ஆனால் இந்த நோயும் விரலில் தொடங்குவதுண்டு. விரல் எந்தக் காரணத்தால் மரத்தது என்று விரலைக் கேட்டால் தெரியாது.

6

இயக்குநரிடம் சொன்னாள். அந்த உரையாடல் நடந்தபோது மலருக்காக நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

"நார்மலுக்கு எப்படிம்மா அதிகமா இருக்கும்? அதிகமா இருந்தா அது நார்மலே இல்லையே."

"அதைத்தான் சார் சொல்றேன்."

"இல்லம்மா, நான் தத்துவார்த்தமா கேக்கறேன்."

"எல்லா நோயாளிகளையும் என்னால வகுத்திருக்கோம் சார். நானே நோயாளி மாதிரி சீறினா, வகுத்தா ஒண்ணுதான் வரும். அவங்க கோவக்காரங்க இல்லைன்னு நாம சொன்னது தப்பு."

"நாம இல்ல. நான் சொன்னது." அவர் இதைப் பணிவாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. சற்று நேரம் கூரையைப் பார்த்தார். இந்த முறை சொட்டு மருந்து இல்லை. பிறகு எழுந்து, மேல்கோட்டைக் கழற்றி, "என் ரத்தத்தை எடு" என்றார்.

வரலாற்றுத் தருணம் என்று எல்லாரும் கூடினார்கள். மலருக்குப் படமும் எடுத்தார்கள். தலைவர் தாமே எடைக்கல்லாகிறார் என்று தலைப்பும் தயாராகிவிட்டது. அணுக்களைப் பிரித்தாள், பரப்பினாள், சீண்டினாள். இயக்குநரின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மருந்தை இரட்டிப்பாக்கினாள். அசையவில்லை.

"கூட்டத்துல உக்காந்து உக்காந்து பழகிடுச்சு போல" என்றார் ஐஸ்பெட்டி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

விசாரித்ததில், மூட்டு வலிக்காக அவர் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கி வந்தது தெரிந்தது. அது அணுக்களைத் தாலாட்டித் தூங்கவைத்துவிடும். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலையே" என்றார்.

கடைசியில் அலமாரியிலிருந்து பாடப் புத்தகத்தை இறக்கி, இருபது முப்பது பேரின் ரத்தத்தைக் கலந்து புது எடைக்கல் செய்தார்கள். பழைய கணக்குகளையெல்லாம் திரும்பப் போட்டார்கள். நோயாளிகளின் அணுக்கள் சந்தேகமில்லாமல் அதிகம் சீறின; அந்தக் கடுகுகளை அதிகம் சுமந்தவர்களுடையவை இன்னும் அதிகம். இயக்குநர் அடுத்த மேடையில் நெஞ்சில் கை வைத்து, "பிழையின் விதை அணுவிலேயே இருக்கலாம் என்று நான் நெடுநாளாக ஐயுற்று வந்தேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

புதிய எடைக்கல்லின்படி அவள் மதிப்பு ஒன்றே முக்கால். நிலையத்தில் அவள் பெயரும் மாறியது. "ஒண்ணே முக்கால் வந்தாச்சா?" என்று ஐஸ்பெட்டி கேட்டார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எழுதும்போது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

(மலர்க்குழுவின் குறிப்பு எனக்கு வந்தது: 'நார்மல் சம்பந்தப்பட்ட பகுதியைக் குறைத்து, மூளையின் மகத்துவத்தைக் கூட்டவும்.' மூளையின் மகத்துவத்தை முதல் வரியில் கூட்டிவிட்டேன்.)

நரம்பு மருத்துவர் நிதானமானவர். மரபணு இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல என்றார். இதே கடுகுகளைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் நலமாக நடமாடுகிறார்கள், நோயாளியோடு கூடப்பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதேயில்லை என்றார். பிறகு அவள் கட்டைவிரலைப் பார்த்தார். "இது வேலையாலதான் இருக்கும். ஆனா மனசு கேக்கலைன்னா தலையை ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம். முடிவு உங்களோடது" என்றார்.

முடிவு உங்களுடையது என்று சொல்கிறவர்கள் மருத்துவர்களும் என்னைப் போலக் கதை எழுதுகிறவர்களும்தான்.

7

மதிய இடைவேளையில் அவள் அண்ணனின் அலுவலகத்துக்குப் போனாள். மேசைமேல் இரண்டு தொலைபேசிகள், சுவரில் கட்டடங்களின் படம், மூலையில் அவன் ஊன்றுகோல்.

"என்ன, சாப்பாட்டு நேரத்துல வந்திருக்க. யாரு செத்தா?"

"யாரும் சாகல. நான் நார்மல் இல்லையாம்."

"இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சி நிலையமா? என்னைக் கேட்டிருந்தா நீ பாவாடை கட்டின காலத்துலயே சொல்லியிருப்பேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் தொலைபேசி அடித்தது. "சொல்லுங்க சார். எந்த மாடிக்கு நடுவுல? கதவை நெம்பாதீங்க. காத்து வரும், பயப்படாதீங்க. ஆள் வந்துட்டிருக்கு" என்று சொல்லி வைத்தான்.

"அப்ப இத்தனை நாளா என்னை மாதிரி ஆளுங்களையெல்லாம் உன்னால வகுத்திருக்காங்க."

"ஆமா."

"அதான் உங்க பெரியவரு, நாங்க கோவக்காரங்க இல்லைன்னு சர்டிபிகேட் குடுத்துட்டுத் திரிஞ்சாரா." சிரிக்க ஆரம்பித்தவன் இருமலில் போய் முடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, உனக்கு ஏதாவது இருக்கா? கண்ணு?" என்றான்.

"இல்ல."

"காலு?"

"இல்ல. கட்டைவிரல் மட்டும்."

அவன் அவள் கையை இழுத்து விரல் நுனியை நகத்தால் அழுத்தினான். "தெரியுதா?"

"மந்தமா தெரியுது."

"எனக்கும் மந்தமாத்தான் தெரியுது. ஆனா அது என் விரலோட கோளாறு." கையை விட்டான். "மரத்த விரல் ரெண்டு ஒண்ணையொண்ணு சோதிச்சு என்ன பிரயோஜனம்? போய்ப் படம் எடு."

"பிப்பெட் பிடிக்கற எல்லாருக்கும் இது இருக்குடா."

"எல்லாருக்கும் என்னை மாதிரி அண்ணன் இருக்கானா?"

அவன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"ஒண்ணு சொல்லவா? நீ சொன்னப்ப ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"நான் மட்டும் இல்லைன்னு. அப்புறம் அசிங்கமா போச்சு." பேனாவைப் போட்டான். "சிவப்பு செங்கலாத் தெரிஞ்ச அன்னைக்கே நான் போயிருந்தா, இந்தக் காலையாவது காப்பாத்தியிருக்கலாம்னாங்க. இப்பல்லாம் சீக்கிரம் பாத்தா நல்ல மருந்து இருக்கு. நீ அறிவாளி, உனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே உக்காந்திருக்க."

"ஏதாவது இருந்துட்டா அம்மாகிட்ட என்னடா சொல்றது?"

"இருந்தா நான் சொல்றேன். அத்தை இருக்கும்போதா பாத்துச் சொல்றேன். ரெண்டு பேரும் சண்டை போடற மும்முரத்துல அழ மறந்துடுவாங்க."

தொலைபேசி மறுபடி அடித்தது. அவன் எடுத்து, எதிர்முனைக்காரரிடம் பேசிக்கொண்டே, அவளைப் பார்த்துப் 'போ' என்று கையை ஆட்டினான்.

8

இப்போது முடிவுகள்.

முதல் முடிவு: படத்தில் ஒன்றுமில்லை. மரத்தது பிப்பெட்டால்தான். அவள் வெளியே வருகிறாள், அண்ணன் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டுகிறான். இயக்குநருக்கு மிகவும் பிடித்தது இது. "நம்பிக்கை தருகிறது" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

இரண்டாம் முடிவு: படத்தில் இரண்டு வெண்புள்ளிகள். நோயாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். எழுத்தாள நண்பர் ஒருவர், "இதுதான் இலக்கியம்" என்றார். அவருக்குத் தலைவலி வந்தால் அன்றே ஸ்கேன் எடுத்துவிடுவார்.

மூன்றாம் முடிவு: அவள் போகவேயில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து திரும்பி நடக்கிறாள். மழை வருகிறது. 'ஒவ்வொரு துளியும் அவள் விரல்நுனியில்—' வேண்டாம். கதை முடிவில் மழை பெய்தால், எழுதியவனிடம் குடை இல்லை என்று அர்த்தம்.

மூன்றையும் அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "மூணுலயும் நான் ரொம்ப அழகா இருக்கேன் சார்" என்றாள்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவள் போனாள். அண்ணனும் கூடப் போய் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தான். தோட்டையும் ஹேர்பின்னையும் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்த நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. படுத்தால் விரல், எழுந்தால் விரல். ஸ்கேன் எடுப்பவர் அவளைப் படுக்கவைத்து, காதில் பஞ்சு அடைத்து, "தலையை மட்டும் அசைக்காதீங்க" என்று சொல்லிக் குழலுக்குள் தள்ளினார். இயந்திரம் தடதடவென்று சுவரில் ஆணி அடிக்கும் சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. இனிமேல் தான் செய்வதற்கு எதுவும் இல்லை என்று அவளுக்கு அங்கே தோன்றியதாம். கதவை யாரோ வெளியிலிருந்து பார்த்துக்கொள்வார்கள் என்பது மாதிரி.

முடிவை நான் எழுதவில்லை. உங்களில் யாருக்காவது வேண்டுமானால் மேலே இருக்கும் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், அல்லது நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். எனக்கே தெரியாததை உங்களிடமிருந்து மறைக்க முடியாது. மருத்துவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. படங்கள் எல்லாம் கலங்கிப்போயிருந்தன; மறுபடி எடுக்க வேண்டும் என்று வேறொரு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

அவள் உள்ளே தூங்கிப்போய்க் குறட்டை விட்டிருக்கிறாள். தலை ஆடிவிட்டது.